கரை இல்லாத இடத்தில் ஓர் அளவுகோல்

நாட்றாம்பாளையத்துக்கும் கடலுக்கும் எந்த உறவும் கிடையாது. கிழக்கே புதுச்சேரி, மேற்கே கண்ணூர் என்று எந்தப் பக்கம் நேர்க்கோடு போட்டாலும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்கும் காட்டுச் சாலையில், யானை குறுக்கே வருமோ என்று பார்த்துப் பார்த்து வண்டி ஓட்ட வேண்டிய மலையடிவார ஊர் அது. ஆனாலும் நீரின் உயரத்தை அளப்பது பற்றிப் பேசத் தமிழ்நாட்டில் இதைவிடப் பொருத்தமான இடம் அமையாது. பக்கத்தில் காவிரிக் கரையில் பிலிகுண்டுலு இருக்கிறது.

மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் அங்கே உள்ளது. கர்நாடகம் திறந்துவிட்ட தண்ணீரில் எவ்வளவு தமிழ்நாட்டு எல்லைக்கு வந்து சேர்ந்தது என்பதற்கு இரு மாநிலங்களும் நீதிமன்றமும் பார்ப்பது இந்த நிலையத்தின் கணக்கைத்தான். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்தபோது, அந்தத் தண்ணீரை அளந்து கொடுக்க வேண்டிய இடமும் இதுதான். ஆடி மாதத்தில் கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பினால், செய்தித்தாளில் தினமும் "பிலிகுண்டுலுவில் விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி" என்று ஒரு வரி வரும். மேட்டூர் பாசன விவசாயி முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

அந்த ஒற்றை எண் பிறக்கும் விதம் எளிமையானது. கரையில் அளவுகோல் நிற்கிறது. நீர்மட்டம் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்க்கிறார்கள். ஆற்றின் குறுக்குவெட்டுப் பரப்பு முன்பே தெரியும். ஓட்டத்தின் வேகத்தை அளந்து இரண்டையும் பெருக்கினால் விநாடிக்கு எத்தனை கன அடி என்பது கிடைத்துவிடும். இவ்வளவுக்கும் அடித்தளம் ஒரே ஒரு நம்பிக்கை: தண்ணீர் ஏறும், இறங்கும், அளவுகோல் அசையாது.

இனி வங்கக்கடலின் நடுவில் போய் நில்லுங்கள். அங்கே அளவுகோலை எங்கே நடுவீர்கள்? மூவாயிரம் மீட்டர் ஆழம். நிற்கத் தரையில்லை. கப்பலில் நின்று அளக்கலாம் என்றால் கப்பலே அலையோடு ஏறி இறங்குகிறது. கடல் அலையை அளக்கும் கலையின் வரலாறு முழுவதும் இந்த ஒரு சிக்கலோடு நடந்த மல்லுக்கட்டுதான். விமானத்திலிருந்து அளக்கப் புறப்பட்டவர்கள் அதை இன்னும் கடுமையாக்கிக்கொண்டார்கள். விமானம் கப்பலைவிட மோசமாக ஆடக்கூடியது.

முதலில் எளிய வழியைப் பார்த்துவிடுவோம். கடலில் மிதவையை விடுவது. மஞ்சள் நிறத்தில், சங்கிலியிலோ ரப்பர் கயிற்றிலோ கட்டப்பட்டு மிதக்கும் உருண்டை. உள்ளே முடுக்கத்தை அளக்கும் கருவி இருக்கும். அலை தூக்கும்போது எவ்வளவு வேகமாகத் தூக்கியது என்று பதிவு செய்து, அதிலிருந்து எவ்வளவு உயரம் ஏறியது என்று கணக்கிடும். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் 1990-களின் இரண்டாம் பாதியிலிருந்து இந்தியக் கடல்களில் மிதவைகளைப் பராமரித்து வருகிறது. ஐதராபாத்தில் இருக்கும் இந்தியப் பெருங்கடல் தகவல் சேவைகள் மையம், சுருக்கமாக இன்காய்ஸ், கரையோரமாக அலைமிதவைகளை நிறுத்தியிருக்கிறது. மீனவருக்குப் போகும் "அலை இத்தனை மீட்டர் எழும்பும்" என்ற எச்சரிக்கையைச் சரிபார்ப்பவை இவைதான்.

அந்த "இத்தனை மீட்டர்" என்பதற்கும் ஒரு விளக்கம் தேவை. கடலில் எந்த இரண்டு அலையும் ஒரே உயரம் கிடையாது. அதனால் அலைகளை உயர வரிசையில் அடுக்கி, மேலே உள்ள மூன்றில் ஒரு பங்கின் சராசரியை எடுக்கிறார்கள். இதற்குக் குறிப்பிடத்தக்க அலை உயரம் என்று பெயர். இரண்டாம் உலகப் போரின்போது படைகளைக் கரையிறக்குவதற்காக அலையைக் கணித்த வால்டர் மங்கும் ஹரால்டு ஸ்வெர்ட்ரப்பும் நிலைநாட்டிய அளவு இது. அனுபவமுள்ள மாலுமி கடலைப் பார்த்துக் கண்ணால் சொல்லும் உயரம் ஏறக்குறைய இதே எண்ணாக இருக்கும். அதேசமயம் இது உச்ச அலை அல்ல என்பதை மறக்கக் கூடாது. நான்கு மீட்டர் என்று அறிவித்த கடலில் ஏழு மீட்டருக்கு மேல் ஓர் அலை எழுவது இயல்பு.

மிதவையின் குறை, அது ஒரே இடத்தில் நிற்பது. ஐநூறு கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு புயலில் ஒரே ஒரு புள்ளி. மிதவை இருக்கும் இடத்துக்குப் புயல் வந்தால்தான் உண்டு. வந்தாலும் கயிறு அறுந்து மிதவை போய்விடலாம்.

ஆகவே, மேலேயிருந்து பார்க்கலாம் என்றார்கள். பார்னெட், வில்கர்சன் என்ற இருவர் 1967-இல் வெளியிட்ட ஆய்வில் விமானத்தின் அடியில் ரேடார் உயரமானியைப் பொருத்தியிருந்தார்கள். ரேடார் துடிப்பு கீழே போய்க் கடலில் பட்டுத் திரும்பும். போய்வர ஆன நேரத்தை ஒளிவேகத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் தூரம். அலையுச்சிக்கு மேல் பறக்கும்போது தூரம் குறையும், பள்ளத்துக்கு மேல் கூடும். கரையிலிருந்து காற்று வீசும் திசையில் பறந்துகொண்டே போய், தூரம் போகப்போக அலை எப்படி வளர்கிறது என்று ஒரே பயணத்தில் அவர்களால் பார்க்க முடிந்தது. எந்த மிதவையாலும் செய்ய முடியாத வேலை இது.

ஆனால் இந்த முறை கடலில் ஒற்றைக் கோடுதான் வரைகிறது. அலையின் முகட்டுக்கு இணையாக, முகட்டின் மேலேயே நீளவாக்கில் பறந்தால் என்ன ஆகும்? கீழே பத்து மீட்டர் அலை அடித்தாலும் பதிவில் கடல் தட்டையாகத் தெரியும். அலையின் நீளம், உயரம், திசை மூன்றும் வேண்டுமென்றால் கோடு போதாது, ஒரு பட்டை வேண்டும்.

அந்தப் பட்டையை வரைந்தவர் நாசாவின் எட்வர்ட் வால்ஷ். அவரும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய வருடும் ரேடார் உயரமானி, ரேடார் கற்றையை இடமும் வலமுமாகச் சுமார் 22 பாகை வரை அசைத்து, ஒவ்வொரு வீச்சிலும் 64 இடங்களில் கடலின் உயரத்தை அளந்தது. 36 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. அலைநீளம் எட்டு மில்லிமீட்டர் சொச்சம். ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் பறந்தால் 1,200 மீட்டர் அகலப் பட்டை கிடைக்கும். விமானம் முன்னே போகப் போக, கடலின் மேற்பரப்பு ஒரு நிலவரைபடம்போல விரியும்.

இங்கேதான் அளவுகோல் சிக்கல் முழு உருவில் வந்து நிற்கிறது. ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்திலிருந்து துடிப்பு போய்வர பத்து மைக்ரோ விநாடி. ஒரு மீட்டர் உயர வேறுபாடு என்றால் அதில் ஆறேழு நானோ விநாடி. இதை அளப்பது மின்னணுவியலுக்குப் பெரிய காரியமில்லை. விமானம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பதை அறிவதுதான் பெரிய காரியம். பட்டையின் ஓரம் விமானத்துக்கு நேர்கீழிலிருந்து அறுநூறு மீட்டர் தள்ளி இருக்கிறது. விமானம் ஒரு பாகை சாய்ந்ததை நீங்கள் கவனிக்காமல் விட்டால் ஓரத்தில் கடல் பத்து மீட்டருக்கு மேல் உயர்ந்தோ தாழ்ந்தோ தெரியும். பாகையில் பத்தில் ஒரு பங்கு தவறினாலும் ஒரு மீட்டர் போயிற்று. புயலுக்குள் பறக்கும் விமானம் ஒரு பாகையோடு நிற்குமா? உள்ளே இருப்பவர்கள் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு கைப்பிடியைப் பிடித்திருக்கும்படி அது குலுங்கும்.

ஆக, அலையை அளக்கப் போனவர்கள் முதலில் விமானத்தை அளக்க வேண்டியிருந்தது. சாய்வைச் சொல்லச் சுழல்காட்டிகள் கொண்ட நிலைமக் கருவி, ஏற்ற இறக்கத்தைச் சொல்ல முடுக்கமானி, பின்னாளில் இவற்றோடு ஜி.பி.எஸ். எல்லாவற்றின் கடிகாரமும் ரேடாரின் கடிகாரத்தோடு ஒத்துப்போக வேண்டும். விமானவழி அலை அளவீட்டைப் பற்றிய கட்டுரைகளில் ரேடாரைப் பற்றிய பக்கங்களைவிடத் திருத்தங்களைப் பற்றிய பக்கங்களே எனக்குச் சுவையாகப் படும். அறிவியலின் உண்மையான உழைப்பு அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு திருத்தமும் உண்டு. கீழே கடல் சும்மா இருப்பதில்லை, அலைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. கிருஷ்ணகிரி–ஓசூர் நெடுஞ்சாலையில் சீரான இடைவெளியில் போகும் லாரி வரிசையை நீங்கள் பைக்கில் முந்துகிறீர்கள் என்று வையுங்கள். ஒரு லாரியைத் தாண்டி அடுத்த லாரியைப் பிடிக்க நேரமாகும். இடைவெளி நீளம் என்று தோன்றும். எதிர்ப்புறச் சாலையில் வருபவருக்கோ லாரிகள் சடசடவென்று கடந்துபோகும்; அவருக்கு அதே இடைவெளி குறுகல். விமானத்துக்கும் அப்படித்தான். 300 மீட்டர் நீள அலை ஆழ்கடலில் விநாடிக்கு 21 மீட்டருக்கும் சற்றுக் கூடுதலாக ஓடும். விநாடிக்கு 100 மீட்டர் போகும் விமானம் அலையின் திசையிலேயே பறந்தால் அதன் பதிவில் அலைநீளம் சுமார் 380 மீட்டர் என்று வரும். எதிர்த்திசையில் பறந்தால் சுமார் 250 மீட்டர். அலை ஒன்றுதான்.

நல்லவேளையாக, ஆழ்கடலில் அலையின் நீளம் தெரிந்தால் வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம்; நீள அலை வேகமாகவும் குட்டை அலை மெதுவாகவும் ஓடும் என்பது இயற்பியல் விதி. அதை வைத்துத் திருத்தலாம். ஆனால் அலை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிய வேண்டுமே? உயரப்படத்தைப் பார்த்தால் மேடும் பள்ளமும் தெரியும், அவை வடக்கே போகின்றனவா தெற்கே போகின்றனவா என்று தெரியாது. கணக்கில் எப்போதும் இரண்டு விடைகள் வரும். ஒன்று மெய், மற்றது அதன் எதிர்த்திசைப் போலி. வால்ஷ் குழு கண்ட வழி அழகானது. வெவ்வேறு திசைகளில் பறந்து, இரண்டு விடைகளுக்கும் திருத்தம் போட்டுப் பார். மெய்யான அலை எந்தத் திசையில் பறந்தாலும் ஒரே நீளத்தில் வந்து நிற்கும். போலி ஒவ்வொரு முறையும் இடம் மாறும். விமானத்தின் ஓட்டமே, அதுவரை பிழை என்று கருதப்பட்டதே, திசையைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

இத்தனை ஏற்பாடுகளோடு 1998 ஆகஸ்ட் 24 அன்று அந்த ரேடார் பானி என்ற சூறாவளிக்குள் போனது. பஹாமாஸ் தீவுகளின் அபாக்கோவுக்குக் கிழக்கே நானூறு கிலோமீட்டர். காற்று விநாடிக்கு ஏறக்குறைய 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகத்தின் பி-3 ஓரியன் விமானம் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் புயலின் மையத்தைச் சுற்றிப் பறந்தது. கண்ணை ஐந்து முறை ஊடுருவியது. (அந்த நிர்வாகத்திடம் உள்ள இரண்டு ஓரியன்களுக்கும் கெர்மிட், மிஸ் பிக்கி என்று பொம்மலாட்டப் பாத்திரங்களின் பெயர். இப்படிப்பட்ட வேலைக்குப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் நகைச்சுவை தேவைதான்.) ஒரு புயலின் உட்பகுதி முழுவதிலும், நான்கு பக்கமும், திறந்த கடலில் அலைகளை நீளம், உயரம், திசையோடு அளந்தது அதுவே முதல் தடவை.

கிடைத்த படம் பாடநூலில் இருந்ததைப்போல இல்லை. தனி அலைகள் 19 மீட்டர் வரை எழுந்தன. ஆறு மாடிக் கட்டடத்தின் உயரம். அதைவிட முக்கியமானது, பெரிய அலைகள் பெரும்பாலும் காற்று வீசும் திசையில் ஓடவில்லை, அதற்குக் கணிசமான கோணத்தில் ஓடின. சில இடங்களில் சமபலமுள்ள மூன்று அலைக்கூட்டங்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டின. காரணம், புயலும் நகர்கிறது, அலையும் நகர்கிறது. வட அரைக்கோளத்தில் புயல் போகும் பாதைக்கு வலப்புறம் காற்றும் புயலின் ஓட்டமும் ஒரே திசையில் இருப்பதால், அங்கே பிறந்த அலை நெடுநேரம் காற்றின் பிடியிலேயே இருந்து வளர்கிறது. பின்பு புயலை முந்திக்கொண்டு ஓடி, வேறு காற்று வீசும் இடத்துக்குள் நுழைகிறது. வங்கக்கடலுக்கும் இதே விதிதான். மேற்கு நோக்கிச் சென்னைக் கரைக்கு வரும் புயலுக்கு வலப்புறம் என்றால் வடக்கு. புயல் சென்னையில் கரையேறினால் எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் அலை கூடுதலாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது இதனால்தான்.

ரேடாரின் கற்றை அகலமானது. ஒரு பாகை விரிந்த கற்றை ஒன்றரைக் கிலோமீட்டர் கீழே சுமார் 25 மீட்டர் வட்டமாகிவிடும். அதனால் பேரலைகள் தெரியும், சிற்றலைகள் கலங்கிப்போகும். சிற்றலைகளைப் பார்க்க வேண்டும் என்றால் லேசர் வேண்டும். லைடார் என்பது ரேடாரின் வேலையை லேசர் ஒளியில் செய்வது. கடலில் அதன் பொட்டு சில பத்து சென்டிமீட்டர்தான் இருக்கும். விநாடிக்கு லட்சக்கணக்கில் துடிப்புகளை அனுப்பலாம். பச்சை ஒளி தண்ணீருக்குள் இறங்கிவிடும். ஆழம் குறைந்த கடலின் அடித்தரையை அளக்க அது உதவும். அலைக்கு வேண்டியது மேற்பரப்பு மட்டுமே என்பதால், நீர் உடனே விழுங்கிவிடும் அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துகிறார்கள். லைடாருக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. கடல் கண்ணாடிபோல அமைதியாக இருந்தால் சாய்வாகப் போன ஒளி திரும்பி வராமல் வேறு பக்கம் தெறித்துப் போய்விடும். கடல் கொந்தளித்து நுரை பறந்தால் நன்றாகத் திரும்பி வரும். மேகமும் மழையும் வந்துவிட்டாலோ லைடார் குருடு. புயலுக்கு ரேடார், தெளிந்த வானத்தில் நுணுக்கத்துக்கு லைடார் என்று வேலை பிரிந்தது இப்படித்தான்.

லைடார் வழி அலை ஆய்வில் பெரிய பெயர் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த கென் மெல்வில். 2004 பிப்ரவரியில் மெக்சிகோவின் தெஹுவாண்டபெக் வளைகுடாவில், மலை இடைவெளி வழியாகக் கடலுக்குள் பாயும் புயல்காற்றில் அலைகள் வளர்வதை அவர் குழு விமான லைடாரால் அளந்தது. பிறகு லைடார், கேமராக்கள், நிலைமக் கருவி எல்லாவற்றையும் ஒரே பெட்டகமாக்கி, பார்ட்டனாவியா பி-68 என்ற சிறு இரட்டை எஞ்சின் விமானத்தில் ஏற்றிப் பறக்கவிட்டார்கள்.

அந்த விமானத்தின் பெயரைப் படித்ததும் ஓசூர்க்காரர் ஒருவர் நிமிர்ந்து உட்காரலாம். 1994-இல் தொடங்கிய தனேஜா விண்வெளி, விமான நிறுவனம், ஓசூரை ஒட்டிய பேளகொண்டப்பள்ளியில் தளி சாலை ஓரமாக ஓடுதளம் அமைத்து, இத்தாலிய நிறுவனத்தின் கூட்டோடு தயாரித்தது இதே பி-68 குடும்பத்தைச் சேர்ந்த ஆறு இருக்கை விமானத்தைத்தான். இந்தியாவில் தனியார் துறையில் விமானம் செய்த தொடக்க முயற்சிகளில் ஒன்று அது. அந்த விமானங்கள் அலை அளக்கப் போகவில்லை. போயிருக்கலாம் என்பதே என் கட்சி.

அதே ஓடுதளத்துக்குக் கடலைக் கண்காணிக்கும் விமானமும் வந்துபோயிருக்கிறது. அரக்கோணம் ராஜாளி தளத்தில் இருக்கும் கடற்படையின் பி-8ஐ விமானங்களில் சிலவற்றுக்குப் பெரிய பராமரிப்புச் சோதனைகள் ஓசூரில் நடந்திருக்கின்றன. பி-3 ஓரியன் முதலில் நீர்மூழ்கி வேட்டைக்காக உருவானது. அமெரிக்கக் கடற்படையில் அதன் இடத்தைப் பிடித்தது பி-8. வேட்டை விமானத்தின் ரேடாருக்கு அலை என்பது எதிரி. நீருக்கு மேலே நீட்டிய ஒரு குழாய் முனையைத் தேடும்போது, திரையை நிறைக்கும் அலை எதிரொலி வெறும் குப்பை. அதைக் கழித்துத் தள்ளத்தான் பொறியாளர் பாடுபடுகிறார். கடலியலாளருக்கு அந்தக் குப்பையே தரவு.

செயற்கைக்கோள் இருக்கும்போது விமானம் எதற்கு என்று கேட்கலாம். 2013 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய சரள், இந்திய–பிரெஞ்சுச் செயற்கைக்கோள், எண்ணூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து அலையுயரத்தை அளந்தது. அமைதியான கடலிலிருந்து ரேடார் எதிரொலி சட்டென்று எழும். கொந்தளிக்கும் கடலில் முதலில் உச்சிகளும் பிறகு பள்ளங்களுமாக எதிரொலி இழுத்துக்கொண்டு வரும். அந்த இழுப்பைப் பார்த்து உயரம் சொல்லலாம், திசை சொல்ல முடியாது. திசையும் சொல்லும் ரேடார் 2018 அக்டோபர் 29 அன்று சீன–பிரெஞ்சுச் செயற்கைக்கோளான சிஃபோசாட்டில் ஏறியது. அந்த உத்தியை டானியேல் ஹௌசர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானியின் குழு அதற்கு முன்பே ஆண்டுக்கணக்கில் விமானத்தில் வைத்துத் தேய்த்துத் தீட்டியிருந்தது. தவிர, செயற்கைக்கோள் தன் பாதையில் தன் நேரத்துக்குத்தான் வரும். புயல் அதற்காகக் காத்திருக்காது.

திசை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் கரையிலேயே விடை உண்டு. தெற்கே, நிலநடுக்கோட்டுக்கு அப்பால் வெகுதொலைவில் அடிக்கும் புயலிலிருந்து 18 விநாடி இடைவெளியுள்ள நெடிய அலைகள் கிளம்பும். நீளம் ஐநூறு மீட்டர். அவற்றின் ஆற்றல் மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வீதம், ஒரு நாளைக்கு 1,200 கிலோமீட்டர் நகர்ந்து சில நாள்களில் கன்னியாகுமரியை எட்டும். நடுக்கடலில் அவற்றின் உயரம் ஒரு மீட்டர் அளவே இருக்கலாம். ஐநூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றத்தைப் படகில் இருப்பவர் உணரவே மாட்டார். கரையை நெருங்கும்போது வேகம் குறைந்து, குவிந்து, உயர்ந்து, திடீரென்று மணற்பரப்பை விழுங்கும். உள்ளூரில் காற்று இல்லை, மேகம் இல்லை, கடல் மட்டும் ஏறுகிறது. மீனவர் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். மொத்த அலையுயரத்தைப் பார்த்தால் இது தெரியாது. எந்தத் திசையிலிருந்து, எந்த நீளத்தில் எவ்வளவு ஆற்றல் வருகிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். வருடும் ரேடார் தந்தது அந்தப் பிரிப்பைத்தான். கணினி மாதிரிகளின் அலைக்கணிப்பு சரியா என்று சோதிக்க அந்தத் தரவு தேவைப்படுகிறது.

இன்காய்ஸ் 2020 முதல் கள்ளக்கடலுக்கென்று தனி முன்னறிவிப்பு தருகிறது. 2024 மே மாதத் தொடக்கத்தில் அப்படி ஓர் எச்சரிக்கை வெளியாகியிருந்தது. மே 6 அன்று குமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரைக்கு வந்த பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது.

வங்கக்கடல் புயலுக்குள் இப்படி ஒரு ரேடாரைச் சுமந்துகொண்டு வழக்கமாகப் பறக்கும் விமானம் இந்தியாவிடம் இல்லை. விமானம் பழுதுபார்க்க ஓசூர் இருக்கிறது, கடலுக்கு மேல் பறந்து பழகிய விமானிகள் அரக்கோணத்தில் இருக்கிறார்கள், ரேடார் செய்ய இஸ்ரோ இருக்கிறது. சேர்த்து வைப்பது அரசின் வேலை. கேட்க வேண்டியது நாம். அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கிருஷ்ணகிரியிலிருந்தோ நாட்றாம்பாளையத்திலிருந்தோ வேன் பிடித்துக் குடும்பத்தோடு கன்னியாகுமரிக்குக் கிளம்பும் நாளில், வானிலைச் செய்தியோடு இன்காய்ஸின் கடல் எச்சரிக்கையையும் பாருங்கள். கள்ளக்கடல் என்று போட்டிருந்தால் வெயில் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் காலை நனைக்கக்கூட இறங்காதீர்கள்.